விசில் குருவியின் குடும்பம்

எங்கள் ஓடைக் குருவி ஒன்றை அதன் குடும்பத்திலிருந்து எடுத்து வேறொரு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள் என்ற செய்தி எனக்குத் தெரியவந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். குருவிக்கு அந்தச் செய்தி இன்றுவரை போய்ச் சேரவில்லை என்றே நினைக்கிறேன். மழை பிடித்துவிட்டால் அது பாட்டுக்கு எங்கள் ஊர் தலைச்சோலைக்குக் கீழே இருக்கும் பாறை ஓடையில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருக்கிறது. என் வாயில்தான் செய்தி தங்கவில்லை. எங்கே சொல்லக்கூடாதோ அங்கே கொண்டுபோய்ச் சொன்னேன். அதனால் எங்கள் வீட்டில் ஒருத்தியின் படிப்பு போயிற்று. படிப்பு மட்டும்தானா போயிற்று என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் குருவிக்குப் புத்தகத்தில் சீகாரப் பூங்குருவி என்று பெயர். எங்களுக்கு விசில் குருவி. மைனாவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தூரத்தில் பார்த்தால் கறுப்பு; வெயில் பட்டால் நெற்றியிலும் தோளிலும் நீலம் மின்னும். நண்டோ தவளையோ எது கிடைத்தாலும் பாறையில் அடித்துத் தின்னும். அதன் சத்தம்தான் விசேஷம். பறவை கத்துகிற மாதிரியே இருக்காது. வேலைவெட்டி இல்லாத ஒருவன் சினிமாப் பாட்டைப் பாதி ஞாபகத்தில் விசிலடித்துக்கொண்டு போய், நடுவில் மெட்டை மறந்து, மறுபடி எங்கேயோ பிடித்துத் தொடர்வதுபோல இருக்கும். அம்மாவின் தம்பியான என் மாமா வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். ஓடைப் பக்கம் போயறியாதவர். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எவனோ தன் அக்காவைப் பார்த்து விசிலடிக்கிறான் என்று கையில் கல்லோடு ஓடைக்குள் இறங்கிவிட்டார். முட்டியைப் பெயர்த்துக்கொண்டு ஏறி வந்தவரிடம், "அவன் நமக்கெல்லாம் முன்னாலயே இங்க குடியிருக்கறவனுங்க மச்சான்" என்றாராம் அப்பா.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா மலைக்காரர். சேர்வராயன் மலையில் எத்தனை தலைமுறையாக இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாத குடி. ஒன்றரை ஏக்கர் காப்பி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, மேட்டில் கொஞ்சம் ராகியும் சாமையும், வீட்டைச் சுற்றிப் பேரிக்காய் மரங்களும் இரண்டு ஆரஞ்சு மரங்களும். அம்மா எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். காப்பி பறிக்கக் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்களின் பேத்தி. பிறகு அக்கா. அவளுக்கு எட்டு வருடம் கழித்து நான்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ங்க' போடாமல் வாக்கியம் முடியாது. காப்பிச் செடியை மேய வந்த ஆட்டைக்கூட "போங்க சாமி, போங்க" என்றுதான் விரட்டுவோம். ஆனால் அக்காவும் நானும் அப்பாவை நீ, வா, போ என்றுதான் பேசினோம். இப்போது எழுதும்போது அவர் என்று எழுதுகிறேன். நேரில் பார்த்தால் இன்றும் எனக்கு நீதான். சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து போகும் எங்கள் பள்ளி டீச்சருக்கு இது பிடிக்காது. பெற்ற அப்பாவையே நீ என்கிறீர்களே, மலைக்காரப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியாதா என்று முதலில் அக்காவையும், எட்டு வருடம் கழித்து என்னையும் அதே வார்த்தைகளில் திட்டினார். அக்கா திட்டு வாங்கிய அன்று வீட்டுக்கு வந்து, "அப்பா, இனிமே நான் உன்ன நீங்கன்னுதான் சொல்லோணுமாம்" என்றாளாம். அப்பா சிரித்துவிட்டு, "நீங்கன்னா நான் ஊட்டுக்கு வந்த விருந்தாளி ஆயிருவேன் கண்ணு. நீ நீன்னே கூப்புடு" என்று சொன்னதாக அம்மா அடிக்கடி சொல்வாள்.

வீட்டில் ஆளைப் பங்கு பிரித்து வைத்திருந்தோம். அக்கா அப்பா பெண், நான் அம்மா பெண். யாரும் உட்கார்ந்து பிரித்ததில்லை; அப்படித்தான் அமைந்துவிட்டது. அக்கா அப்பாவைப் போலவே கொஞ்சம் முன்னால் சாய்ந்து நடப்பாள். அப்பாவைப் போலவே சோற்றில் மோரை ஊற்றிவிட்டுப் பிறகு உப்புத் தேடுவாள். விசில் குருவிக்கு எதிர்ப்பாட்டு விசிலடிக்க அப்பாவுக்குத் தெரியும். அதை அக்காவும் கற்றுக்கொண்டாள். இருவரும் ஓடை மேட்டில் நின்று விசிலடித்தால் குருவி குழம்பிப்போய் மூன்றாவது ஆளைத் தேடும். வயசுப் பெண் விசிலடிக்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு உதட்டைக் குவித்தால் காற்றுதான் வந்தது. அந்தப் பொறாமை எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்பாவைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடி விரியனைக் கம்பால் தூக்கி வீசுகிற ஆள். ஆனால் ஊசி என்றால் உயிர் போய்விடும். ஒருமுறை கால் வெட்டுக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, ஊசியைப் பார்த்துப் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். அந்தக் கதை ஒண்டிக்கடை பஸ் நிறுத்தம் வரைக்கும் பிரசித்தம். பின்னால் நடந்ததையெல்லாம் நான் இந்தக் கதையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். பத்து வயதில் கையில் எந்தச் சாவி இருக்கிறதோ அதைத்தான் எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்க்கிறோம்.

அந்த வருடம் அக்கா பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் உண்டு. தனியார் கல்லூரியை நினைத்துப் பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை. அரசுக் கல்லூரி இடத்துக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மலைக்காரர்களுக்கு அதில் பழங்குடி, மலையாளி என்று எழுதித் தருவார்கள். மலையை ஆள்கிறவன் என்று பொருளாம். எங்களுக்கும் கேரளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பின்னாளில் என் கல்லூரி விடுதியில் ஒரு பெண் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு என்னிடம் மலையாளத்தில் குசலம் விசாரித்தாள். நான் விழித்ததைப் பார்த்து எனக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டாள். பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதில் இப்படியெல்லாம் சிக்கல் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, சான்றிதழ் கேட்டால் வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அக்காவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. விசாரணைக்கு எந்த நாளும் வருவார்கள் என்று காத்திருந்தோம்.

காத்திருந்த அந்த நாட்களில்தான் குருவி மேடம் வந்தார். பறவைகளை ஆராய்ச்சி செய்கிற இளம்பெண்; பேன்ட்டும் மழைக்கோட்டும் போட்டு, தலையில் துணித் தொப்பி வைத்திருப்பார். மேற்குப் பக்கத்துப் பெரிய மலைகளில் இருக்கிற விசில் குருவியும், தனித்து நிற்கிற எங்கள் மலையின் விசில் குருவியும் ஒன்றுதானா, வித்தியாசம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஓடைகளைக் காட்டவும் வலைக்கம்பு தூக்கவும் அப்பாவைக் கூட்டிக்கொண்டார். லீவு நாளில் நானும் தொற்றிக்கொண்டேன்.

ஓடைக்குக் குறுக்கே இரண்டு கம்பு நட்டு வலையைக் கட்டுவார். மூடுபனியில் நூல் கண்ணுக்கே தெரியாது. விடிந்து கொஞ்ச நேரத்தில், நீரை ஒட்டித் தாழப் பறந்து வந்த குருவி அதில் விழுந்தது. மேடம் அதன் கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வருகிற மாதிரி பதமாகப் பிடித்து எடுத்தார். அவ்வளவு பெரிய பாட்டுக்காரன் கைக்குள் வந்ததும் வாயே திறக்கவில்லை. இறக்கையை விரித்து, அடியில் தெரிந்த நரம்பில் மெல்லிய ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு சின்னக் குழாயில் எடுத்தார். அப்பா உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குருவியின் காலில் ஒரு வளையம் மாட்டி என் கையில் கொடுத்தார். உள்ளங்கையைத் திறந்தேன். போய்விட்டது.

"இது பூங்குருவிங்களா மேடம்?" என்று கேட்டேன். பேர் அப்படித்தானே இருக்கிறது என்பது என் எண்ணம்.

பேர் அப்படித்தான் என்று அவர் சொன்னார். உருவமும் பூங்குருவி மாதிரி, பாடுவதும் பூங்குருவி மாதிரி. அதனால் ரொம்ப காலம் இதைப் பூங்குருவிக் குடும்பத்தில்தான் எழுதி வைத்திருந்தார்களாம். பிறகு ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, இது அந்தக் குடும்பமே இல்லை, ஈப்பிடிப்பான் குடும்பம் என்று தெரிந்ததாம். வீட்டு வாசலில் பாடுகிற குண்டுக்கரிச்சான்கூட இதற்குச் சொந்தமாம். அதனால் அங்கே பேரை எடுத்துவிட்டு இங்கே எழுதிவிட்டார்களாம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பாட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டேன்.

"பாட்ட நம்ப முடியாதும்மா. இந்த மாதிரிக் குருவியெல்லாம் பாட்டப் பக்கத்துல இருக்கறதக் கேட்டுத்தான் கத்துக்குது. ரத்தந்தான் பொய் சொல்லாது" என்றார் மேடம்.

அப்பா கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஏனுங்க மேடம், மனுசங்களுக்கும் அப்படிப் பாக்கறதுங்களா? யாரு புள்ள யாருன்னெல்லாம் தெரிஞ்சுருமுங்களா?"

"தாராளமாத் தெரியுங்க. ஒரு சொட்டு போதும்" என்றார் அவர் குழாயில் எண் எழுதிக்கொண்டே.

அப்பா மீதிக் கம்பையும் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் குருவி இரண்டு தரம் கூப்பிட்டது. அவர் எதிர்ப்பாட்டு விசில் அடிக்கவில்லை. மறுநாள் கால்முட்டி வலிக்கிறது என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரை மேடத்துடன் அனுப்பிவிட்டார். ஊசியைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நான் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அக்காவும் என்னோடு சேர்ந்து சிரித்தாள்.

நான்கைந்து நாள் கழித்து, ஒரு முற்பகல், விசாரணைக்கு ஜீப் வந்தது. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. வந்தவர் வயதில் பெரியவர். கண்ணாடியில் பனி படிந்து அடிக்கடி துடைத்துக்கொண்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அம்மா பலாச்சுளையும் வெல்லக் காப்பியும் கொடுத்தாள். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். பிறகு காகிதக் கட்டைப் பிரித்து அக்காவை எதிரில் உட்காரச் சொன்னார்.

உங்கள் சாமி எது, திருவிழா எந்த மாதம், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன கொண்டு வருவார்கள், சாவு விழுந்தால் எத்தனை நாள் தீட்டு என்று வரிசையாகக் கேட்டார். அக்கா தயங்காமல் சொன்னாள். படித்து ஒப்பிக்க அதில் ஒன்றுமே இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்ததைச் சொன்னாள். சாமையையும் தினையையும் கொண்டுவந்து காட்டச் சொன்னார். கொண்டுவந்து எது எது என்று சொன்னாள். சாமை விதைக்கும்போது முதல் பிடியை யார் போடுவார்கள் என்று கேட்டதற்கு, "எங்க ஊட்ல நாந்தானுங்க போடுவேன். அப்பா என்னையத்தான் போடச் சொல்லும்" என்றாள். பெரியவர் சிரித்து எழுதிக்கொண்டார். அப்பா கதவை ஒட்டி நின்றிருந்தார். அவர் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

கடைசியில் பெரியவர் ஒரு காகிதத்துக்கு வந்ததும் நின்றார். "அம்மா எஸ்டேட் லைனுங்களா?" என்றார். ஆமாம் என்றாள் அம்மா. "பொண்ணு பொறந்ததும் எஸ்டேட் ஆஸ்பத்திரின்னு இருக்குது" என்றார். ஆமாம் என்றாள் அம்மா, கொஞ்சம் மெதுவாக. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி, தகப்பன் வழிதான் கணக்கு. எழுதிடலாம்" என்று பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான். இன்னும் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஜீப் கிளம்பியிருக்கும்.

அந்த இடத்தில் நான் உதவி செய்தேன்.

எனக்குப் பெரியவர் இன்னும் சந்தேகப்படுவதாகத் தோன்றியது. அக்காவுக்குச் சீட்டு கிடைக்காமல் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு வித்தையைக் காட்டுகிற பெருமை. முன்னால் போய் நின்று, "சார், சந்தேகமா இருந்தா எங்கக்கா ரத்தத்த எடுத்துப் பாருங்க சார். ஒரு சொட்டு போதும். எங்க குடும்பமா, வேற குடும்பமான்னு கரெட்டாத் தெரிஞ்சுரும். குருவிக்கே பாத்தாங்க" என்றேன்.

பெரியவர் குலுங்கிச் சிரித்தார். கூட வந்தவரும் சிரித்தார். அக்கா சிரித்துக்கொண்டே என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பெரியவர் விளையாட்டாக அப்பாவைப் பார்த்து, "என்னங்க, பாப்பா நல்ல யோசனை சொல்லுது. எடுத்துருவமா?" என்றார்.

அப்பாவும் சிரித்திருந்தால் போதும். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் சிரித்து மழுப்பித் தப்பிக்கிறார்கள். அப்பாவுக்கு அது வரவில்லை. முகம் வெளுத்து, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாமுங்க" என்றார். பிறகு கையைக் கூப்பினார். "ரத்தமெல்லாம் எடுக்க வேண்டாமுங்க. அந்தச் சர்ட்டிபிகேட்டே வேண்டாமுங்க. எம்பொண்ணு எம்பொண்ணாவே இருக்கட்டுமுங்க."

சிரிப்பு நின்றது. பெரியவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தை மறுபடி பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "நான் அதெல்லாம் ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார் பெரியவர். அவருக்கே சங்கடமாகிவிட்டது. பேனாவை மூடினார். நிதானமாக யோசித்து அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று எழுந்தார். அப்பா அடுத்த வாரமே போனார். விண்ணப்பம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜீப் போனபிறகு அக்கா நேராக உள்ளே அம்மாவிடம் போனாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் அம்மாவின் அழுகை கேட்டது. பிறகு அக்கா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது கேட்டது. என்ன கேள்வி என்று வெளியே தெரியவில்லை. பிறகு அக்காவின் அழுகை. ஊசிக்குப் பயந்துகொண்டு அப்பா அக்காவின் சீட்டைக் கெடுத்துவிட்டார், அதற்குத்தான் அழுகிறார்கள் என்று நான் முடிவு செய்தேன். அப்பா மேல் எனக்குக் கடும் கோபம் வந்தது.

உள்ளே என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பது நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் மாமா சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்கு அப்பா இரண்டாவது புருஷன். முதல் புருஷன் அதே எஸ்டேட்டில் வேலை செய்தவர். சில்வர் ஓக்கில் ஏறிக் கிளை கழிக்கும்போது தவறி விழுந்து இறந்துபோனார். அப்போது அக்காவுக்கு ஆறு மாதம். அந்த எஸ்டேட்டுக்கு வேலி கட்டும் வேலைக்கு வந்த அப்பா, கைக்குழந்தையோடு நின்ற அம்மாவைக் கேட்டுக் கட்டிக்கொண்டார்.

ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை இது. எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கைப்பிள்ளையோடு ஒருத்தி மருமகளாக வந்தால், சேர்வராயன் கோயிலில் ஊர் கூடி, பிள்ளைக்கு முடியிறக்கி, புதுத் தகப்பன் மடியில் உட்கார வைத்து, அதன் கையில் சாமையை அள்ளிக் கொடுத்து இறைக்கச் சொல்வார்கள். அந்தச் சாமை கீழே விழுந்த நேரத்திலிருந்து அது அவன் பிள்ளை. அதற்குப் பிறகு வேறு விதமாகப் பேசுகிறவன் ஊருக்கே சோறு போட வேண்டும். அதனால் யாரும் பேச மாட்டார்கள். பேசாமல் இருந்து இருந்து, பாதிப்பேர் நிஜமாகவே மறந்தும் போவார்கள். மாமா கீழ்நாட்டு வழி. அந்த வழக்கம் அவரைக் கட்டாது. அதனால் சொன்னார்.

அப்படிப் பார்த்தால் அப்பா அந்தப் பெரியவரிடம் பொய் சொல்லவில்லை. அப்பா கணக்கில் அக்கா அவருடைய பெண்தான். சட்டத்தின் கணக்கு என்னவென்று அவருக்குத் தெரியாது. இன்று நான் கேட்டுப் பார்த்தால் ஒருவர் அதற்கும் வழி இருந்திருக்கும் என்கிறார், இன்னொருவர் இல்லவே இல்லை என்கிறார். அப்பா ஜெயிலுக்குப் பயப்படவில்லை, ஊசிக்கும் பயப்படவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இங்கே பேரை எடுத்து அங்கே எழுதிவிடுவார்களோ என்று பயந்தார். பெண்ணைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவள் படிப்பை விட்டுக்கொடுத்தார். அந்தப் பயத்தைக் காட்டியதாலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. யாரும் ஊசியை எடுக்கவேயில்லை.

அக்கா அந்த வருடமே திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனியில் வேலை, விடுதியில் தங்கல். பிறகு அங்கேயே கல்யாணம், இரண்டு பிள்ளைகள். மே மாதத் திருவிழாவுக்குத் தவறாமல் வருவாள். சண்டை கிடையாது, குறை சொல்வதும் கிடையாது. அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குப் புடவை. எனக்கு எட்டு வருடம் கழித்து அதே சான்றிதழ் விசாரணை வந்தது. வேறு ஆள், அதே கேள்விகள். சாமைக்கும் தினைக்கும் எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. சொல்லிக்கொடுத்துத் திருத்திவிட்டுப் போனார்கள். சில நாளில் சான்றிதழ் கைக்கு வந்தது. கல்லூரிக்குப் போக அக்கா திருப்பூரிலிருந்து ஒரு நல்ல பை வாங்கி அனுப்பினாள். விலங்கியல் படித்தேன். இன்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். வகைப்பாடு பாடம் வரும்போது விசில் குருவியை உதாரணம் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். நான் இதுவரை சொன்னதில்லை.

ஜீப் வந்துபோன அன்று சாயங்காலத்தைத்தான் இன்னும் சொல்லவில்லை.

கதவு திறக்கவேயில்லை. அப்பா காப்பி காயப்போடும் களத்தில், தூறலில், அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கோபம் அடங்கிப் பயம் வந்துவிட்டது. நாம் சொன்ன யோசனை நல்ல யோசனைதான், ஊசிதான் பிரச்சினை. ஊசி இல்லாமல் ரத்தம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் புத்திக்குப் பட்டது. ஆரஞ்சு மரத்திலிருந்து ஒரு முள்ளை ஒடித்தேன். கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு, மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலில் குத்தினேன். முதல் இரண்டு குத்துக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாவது ஆழமாகப் போய்விட்டது. தாளில் ஒரு சொட்டு கேட்ட இடத்தில் ஏழெட்டுச் சொட்டு விழுந்தது.

அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். "இந்தா, இத அந்த சார்கிட்டக் குடுத்துரு. அக்கா ரத்தம்னு சொல்லிரு. ரெண்டு பேருதும் ஒண்ணுதான, எதப் பாத்தா என்ன?" என்றேன்.

அப்பா தாளைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சத்தமாக அழுதார். ஒரு ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் விரல் வலிக்கிறதே என்று அழுகிறார் என்று நினைத்து, "வலிக்கவே இல்லப்பா" என்று பொய் சொன்னேன். எங்கள் இரண்டு பேரில் அந்தச் சான்றிதழுக்குச் செல்லுபடியாகிற ரத்தம் என்னுடையது மட்டும்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் விரலைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பிடி காப்பித்தூள் கொண்டுவந்து வைத்து அழுத்தினாள். தாளை எடுத்து நாலாக மடித்துத் தாவணியில் செருகிக்கொண்டாள். ஓடையில் விசில் குருவி இருட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் கூப்பிட்டு நிறுத்தியது. வழக்கமாக இரண்டு பேரில் ஒருவர் பதில் கொடுப்பார்கள். இருவரும் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அப்பா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா வானத்தைப் பார்த்தாள். பிறகு, "மழ பெருசா வருதுங்க. எந்திரிச்சு உள்ள வாங்கப்பா, சாப்புடுங்க" என்றாள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. அறை வாங்கினவர்போல அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நான் அவர் தோளைத் தொட்டு, அக்கா கூப்பிடுகிறாள் என்று சொன்னேன். எனக்கு மனசுக்குள் ஒரே சந்தோஷம். இத்தனை நடந்தும் அக்கா கோபப்படவில்லை. அதற்குமேல், முதல் தடவையாக அப்பாவை நீங்க என்கிறாள். ஒருவழியாக எங்கள் அக்காவுக்கு மரியாதை தெரிந்துவிட்டது என்று மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் சொன்னேன். அவரும் நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டார்.